தங்க நானோ தண்டு: 808 லேசர் பட்டதும் பீக் சரிகிறது, உறையை மாற்ற வேண்டுமா?

நுண்பொன்:

வணக்கம். மார்பகப் புற்று செல்களில் ஒளிவெப்ப சிகிச்சையை (துகள்களை லேசரால் சூடாக்கி, அந்தச் சூட்டில் செல்களைக் கொல்வது) சோதிப்பதற்காகத் தங்க நானோ தண்டுகள் தயாரிக்கிறோம். சிடேப் (CTAB, தண்டுகளைச் சுற்றி ஒட்டி அவற்றைப் பிரித்து வைக்கும் சோப்பு போன்ற பொருள்), சில்வர் நைட்ரேட், அஸ்கார்பிக் அமிலம் போட்டு விதையிலிருந்து வளர்க்கும் வழக்கமான முறைதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நீளம் 40, அகலம் 10 நா.மீ. சுற்றி இருக்கிறது. உறிஞ்சல் ஸ்பெக்ட்ரத்தில் நீள்வாட்டு பீக் (தண்டின் நீளவாக்கில் வரும் உச்சம்) 802 நா.மீ.இல், குறுக்குவாட்டு பீக் 512இல். 400 நா.மீ.இல் உறிஞ்சல் 1.2.

உறை போடும் விதம்: 10 மி.லி. கரைசலை 12,000 ஜி-யில் 25 நிமிடம் சுற்றி, அடியில் 0.2 மி.லி. மட்டும் விட்டு மேல்நீரை எடுத்துவிடுகிறோம். தூய நீர் ஊற்றிக் கலக்கி மறுபடி ஒருமுறை அதே கழுவல். பிறகு 10 மி.லி. நீரில் 5,000 டால்டன் தயால் பெக் (கந்தக முனையால் தங்கத்தில் ஒட்டும் பாலிமர் சங்கிலி) 0.2 மி.கி. சேர்த்து இரவு முழுவதும் மெதுவாகக் கிளறல், காலையில் ஒரு கழுவல். ஜீட்டா மதிப்பு (துகள் மேற்பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் அளவு) +18 மில்லிவோல்ட். நீரில் நன்றாக நிற்கிறது.

சிக்கல் இதற்குப் பிறகு. 10 சதவீத சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் தங்கம் என்ற அளவில் கலந்து, 808 நா.மீ. டயோடு லேசரைச் சதுர செ.மீ.க்கு 1.5 வாட் வீதம் 10 நிமிடம் காட்டினால் வெப்பம் 58 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. ஆனால் அதன்பின் ஸ்பெக்ட்ரம் எடுத்தால் 802 பீக் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, அகன்று, 900–1000 பக்கம் வால் தூக்கியிருக்கிறது. 512 ஏறக்குறைய அப்படியே. அதே மாதிரியை மறுபடி லேசரில் வைத்தால் சூடு குறைவாகத்தான் ஏறுகிறது. இன்னொன்று, லேசரே இல்லாமல் இருட்டில் வைத்த செல்களிலும் 60 சதவீதம்தான் பிழைக்கின்றன.

தண்டுகள் உருகி உருண்டையாகின்றன, சிலிக்கா உறை போட்டால் நிற்கும் என்று சொல்கிறார்கள். சிலிக்காவா, பாலிடோபமினா (டோபமினிலிருந்து உருவாகும் ஒட்டும் பாலிமர்), இல்லை பெக்கையே திருத்திக்கொள்ளலாமா?

---

கூழ்மநிலை:

உருகவில்லை. முதலில் அந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிடுங்கள். அதை நம்பி சிலிக்காவுக்குப் போனால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் அளவுள்ள ஒரு தண்டின் உறிஞ்சல் குறுக்குப்பரப்பு 600 சதுர நா.மீ. அளவில் இருக்கும். சதுர செ.மீ.க்கு 1.5 வாட் என்றால் ஒரு தண்டு வாங்கும் திறன் சுமார் 9 பைக்கோவாட். அதே கொள்ளளவுள்ள உருண்டையின் ஆரம் 9 நா.மீ., நீரின் வெப்பக் கடத்துமை 0.6. தொடர் லேசரில் தன்னைச் சுற்றியுள்ள நீரைவிட அந்தத் துகள் எவ்வளவு கூடுதலாகச் சூடாகும் என்று கணக்கிட்டால், ஒரு டிகிரியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது. உங்கள் 58 டிகிரி என்பது ஒரு மில்லியில் மிதக்கும் லட்சம் கோடி தண்டுகள் சேர்ந்து கரைசல் முழுவதையும் சூடாக்கியதன் விளைவு. தனித் தண்டு எதுவும் உருகும் வெப்பத்தின் அருகில்கூடப் போகவில்லை. நானோவினாடி, ஃபெம்டோவினாடித் துடிப்பு லேசர் என்றால் கதை வேறு. அங்கே வெப்பம் நீருக்குக் கடத்தப்படுவதற்குள் தங்கத்திலேயே குவிந்துவிடும், தண்டு நிஜமாகவே உருண்டையாகும்.

உங்கள் ஸ்பெக்ட்ரமும் இதையேதான் சொல்கிறது. தண்டு குட்டையானால் நீள்வாட்டு பீக் நீலப் பக்கம், அதாவது 750, 700 என்று நகரும், 520 பக்கம் உயரும். உங்களுக்கு 512 அசையவில்லை, சிவப்புப் பக்கம் வால் முளைத்திருக்கிறது. இது தண்டுகள் பக்கவாட்டிலும் முனையிலும் ஒட்டிக் கொத்தாவதன் அடையாளம். ஸ்பெக்ட்ரம் முழுவதும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் துகள்கள் அடியில் படிந்துவிட்டன அல்லது சுவரில் ஒட்டிவிட்டன என்று சொல்லலாம்.

உறுதி செய்ய எளிய சோதனை: அதே ஊடகத்தில் அதே செறிவுள்ள மாதிரியை மூடிய குழாயில், இருட்டில், 58 டிகிரி நீர்த்தொட்டியில் 10 நிமிடம் வையுங்கள். லேசரில் சரிந்த அளவே இங்கும் பீக் சரிந்தால் ஒளிக்கு இதில் பங்கில்லை. உறைதான் வெப்பத்திலும் உப்பிலும் தாங்கவில்லை.

இப்போது உறை. இரண்டு இடத்தில் கணக்கு இடிக்கிறது.

முதலாவது கழுவல். வளர்ச்சிக் கரைசலில் சிடேப் 0.1 மோலார். 10 மி.லி.யை 0.2 மி.லி.யாக்கி மறுபடி 10க்கு நிரப்பினால் 50 மடங்கு நீர்ப்பு, 2 மில்லிமோலார். அதுவரை நல்லது. இரண்டாம் கழுவலும் தூய நீரில் என்றால் 0.04 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும். சிடேப் மைசெல் (மூலக்கூறுகள் சேர்ந்த சிறு கொத்து) கட்டத் தொடங்கும் செறிவு 1 மில்லிமோலார் அளவு. அதற்குக் கீழே வெகுதூரம் போனால் தண்டைச் சுற்றியுள்ள இரட்டை அடுக்கு கழன்றுகொண்டே இருக்கும். பெக் வந்து இடம் பிடிப்பதற்குள் அங்கங்கே இரண்டு மூன்றாகத் தண்டுகள் ஒட்டத் தொடங்கிவிடும். இரண்டாம் கழுவலுக்கு 1 மில்லிமோலார் சிடேப்பையே பயன்படுத்துங்கள், அல்லது முதல் கழுவல் முடிந்ததுமே பெக்கைச் சேர்த்துவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் 28 டிகிரியில் இருக்கட்டும். 25க்குக் கீழே செறிவான சிடேப் படிகமாகிவிடும். ஏசி அறையில் பெல்லட்டோடு வெள்ளை ஊசிகள் தெரிந்தால் அதுதான் காரணம்.

இரண்டாவது பெக்கின் அளவு. 400 நா.மீ.இல் 1.2 என்பது தோராயமாக 0.5 மில்லிமோலார் தங்கம், அதாவது மில்லிக்கு 98 மைக்ரோகிராம். 40×10 தண்டின் கொள்ளளவு 2,880 கன நா.மீ., அதில் 1.7 லட்சம் தங்க அணுக்கள். ஆகவே தண்டுகளின் செறிவு 2.9 நானோமோலார். ஒரு தண்டின் மேற்பரப்பு 1,257 சதுர நா.மீ. மொத்தம் 10 மி.லி.க்குள் 2.2 × 10¹⁶ சதுர நா.மீ. மேற்பரப்பு இருக்கிறது. நீங்கள் போடும் 0.2 மி.கி. பெக்கில் 2.4 × 10¹⁶ சங்கிலிகள். சதுர நா.மீ.க்கு ஒன்று. கடைசியில் ஒட்டி நிற்பதும் அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் போதும் என்று தோன்றும். ஆனால் கரைசலில் போட்டதெல்லாம் தங்கத்தில் போய் ஒட்டாது. சிடேப்போடு போட்டி போட்டு உள்ளே நுழைய வேண்டும். பழைய தயால் பெக்கில் ஒரு பகுதி ஏற்கெனவே டைசல்ஃபைடாக இணைந்திருக்கும், அது தங்கத்தை மெதுவாகவே பிடிக்கும். சதுர நா.மீ.க்குக் குறைந்தது பத்துச் சங்கிலியாவது கொடுங்கள்: உங்கள் 10 மி.லி.க்கு சுமார் 1.8 மி.கி. பெக் பாட்டிலைத் திறந்து நாளாகியிருந்தால் எல்மன் வினைப்பொருளால் தயாலை அளந்து, அதற்கேற்ப எடையைக் கூட்டுங்கள்.

+18 மில்லிவோல்ட்டும் இதற்குச் சாட்சி. நன்றாகப் பெக் ஏறிய தண்டு பூஜ்யத்தை ஒட்டி, அல்லது −10 வரை காட்டும். சிடேப் தண்டு +30க்கு மேல். நடுவில் நிற்கிறது என்றால் பாதி சிடேப் இன்னும் ஒட்டியிருக்கிறது. தூய நீரில் அந்த மிச்ச நேர்மின்னூட்டமே துகள்களைப் பிரித்து வைக்கும். ஊடகத்தின் 0.15 மோலார் உப்பில் அந்த விலக்கம் அடங்கிவிடும், சூடும் சேர்ந்தால் தண்டுகள் கொத்தாகின்றன.

தயால் முதலில் முனைகளைத்தான் பிடிக்கும், அங்கே சிடேப் அடர்த்தி குறைவு. பக்கவாட்டு அடுக்கு பிடிவாதமானது. அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டம் நீரில், 1.8 மி.கி., 24 மணி நேரம். கழுவிவிட்டு, பெல்லட்டைக் கொஞ்சம் நீரில் கலக்கி, எத்தனால் பாதிக்கு மேல் இருக்கும்படி சேர்த்து, மறுபடி அதே அளவு பெக், இன்னொரு 24 மணி நேரம். எத்தனாலில் சிடேப் அடுக்கு தளர்ந்து கரைந்து வெளியேறும், காலியான இடத்தில் பெக் உட்காரும். முதல் கட்டப் பெக் இல்லாமல் நேரடியாக எத்தனாலுக்குப் போகக் கூடாது, உடனே நீலச் சாம்பலாகிவிடும். பிறகு நீரில் மூன்று கழுவல்.

இருட்டில் செல்கள் சாவதற்கும் இதிலேயே விடை இருக்கலாம். தனியாகக் கரைந்திருக்கும் சிடேப் சில மைக்ரோமோலாரிலேயே செல் சவ்வை உடைக்கும். வேதியியலாளர் கேத்தரின் மர்ஃபி குழு 2009இல் காட்டியது போல, கடைசிக் கரைசலைச் சுற்றி, தண்டுகளற்ற மேல்நீரை மட்டும் செல்களில் போட்டுப் பாருங்கள். மேல்நீரே கொன்றால் குற்றவாளி தங்கம் அல்ல.

பாலிடோபமின் பற்றி: 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.5, மில்லிக்கு 0.2 மி.கி. டோபமின் என்று ஆரம்பித்து நேரத்தால் தடிமனைக் கட்டுப்படுத்தலாம். ஒட்டுவதில் அதற்கு இணையில்லை. ஆனால் டோபமின் கூடினால் தங்கமில்லாத கறுப்புத் துகள்களும் சேர்ந்து உருவாகும். அவையும் 808இல் உறிஞ்சுவதால் சூடு எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. உப்பில் நிற்க அதன் மேலும் பெக் போட வேண்டியிருக்கும். உங்கள் தேவைக்கு இப்போது வேண்டாம்.

---

சிலிக்கா_உறை:

தொடர் லேசர் விஷயத்தில் மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சிலிக்காவை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஒளியொலிப் படமெடுப்புக்காக (லேசர் துடிப்பால் எழும் ஒலியைக் கொண்டு படமெடுப்பது) துடிப்பு லேசரும் பயன்படுத்தப் போகிறீர்களா, உறையின் துளைகளுக்குள் டாக்சோரூபிசின் போன்ற மருந்தை ஏற்றப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. பெக் தண்டுகள் சதுர செ.மீ.க்குச் சில மில்லிஜூல் துடிப்பிலேயே உருமாறத் தொடங்கும். சிலிக்கா வடிவத்தைப் பிடித்துவைப்பதோடு வெப்பத்தை நீருக்குக் கடத்துவதையும் மாற்றுவதால் ஒலிச் சமிக்ஞையும் கூடுகிறது.

அந்தத் தேவை இருந்தால் கோரெலிகோவ், மட்சுரா இருவரும் 2008இல் தந்த ஒற்றைப் படி முறை நம்பகமானது. சிடேப்பை எடுக்காமல், அதையே வார்ப்பாக வைத்துக்கொண்டு துளையுள்ள சிலிக்கா வளர்ப்பது. கழுவிய 10 மி.லி. தண்டுக் கரைசலில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மைக்ரோலிட்டர். மெத்தனாலில் 20 சதவீதமாக்கிய டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டை 30 மைக்ரோலிட்டர் வீதம் அரை மணி இடைவெளியில் மூன்று தடவை. மெதுவான கிளறல், 27–30 டிகிரி, பிறகு ஒரு நாளுக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள்.

எல்லாம் கெடுவது சிடேப் செறிவில்தான். 1–2 மில்லிமோலாரில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் மிதமிஞ்சிய மைசெல்கள் தனியாகச் சிலிக்கா உருண்டைகளை விளைவிக்கும். நுண்ணோக்கியில் தங்கமில்லாத வெள்ளை முத்துகள் நிறையத் தெரியும். குறைந்தால் நான்கைந்து தண்டுகள் ஒரே உறைக்குள் சிறைப்படும், அதன்பின் பிரிக்கவே முடியாது. மேல் பதிவில் கணக்கிட்ட 50 மடங்கு நீர்ப்பு இங்கே சரியாகப் பொருந்துகிறது: ஒரு கழுவல் போதும், இரண்டாவது வேண்டாம். பிஎச்சைத் தாளில் பார்க்காமல் மீட்டரில் பாருங்கள். 10க்குக் கீழே உறை வளரச் சோம்பும், 11ஐத் தாண்டினால் கட்டுப்பாடு போய்விடும்.

உறை போட்டபின் பீக் 10 முதல் 30 நா.மீ. வரை சிவப்புப் பக்கம் நகரும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, சிலிக்காவினுடையது 1.45 என்பதால் இது தவிர்க்க முடியாதது. ஆகவே 808க்குத் தண்டு செய்கிறவர் 785–790இலேயே வளர்ச்சியை நிறுத்தியிருக்க வேண்டும். தோராய விதி: பீக் = 95 × நீள அகல விகிதம் + 420. சில்வர் நைட்ரேட்டைக் கொஞ்சம் குறைத்தால் விகிதம் இறங்கும். உங்கள் 802 தண்டுக்குச் சிலிக்கா போட்டால் பீக் 820ஐத் தாண்டி, லேசர் சரிவில் போய் விழும்.

துளைக்குள் இருக்கும் சிடேப்பை எடுக்காமல் செல்லில் போடவே கூடாது. எத்தனாலில் லிட்டருக்கு 6 கிராம் அம்மோனியம் நைட்ரேட் கரைத்து, 50–60 டிகிரியில் ஒரு மணி நேரம், இரண்டு தடவை. அதற்குப் பிறகும் வேலை முடியாது. மூடாத சிலிக்கா 37 டிகிரி பாஸ்பேட் கரைசலில் நாளடைவில் கரைந்துகொண்டே போகும், அதன் சைலனால் முனைகள் சிவப்பணுக்களையும் உடைக்கும். பெக் சைலேன் கொண்டு வெளிப்புறத்தை மூடுங்கள். சிலிக்கா போட்டாலும் கடைசியில் ரத்தத்தைத் தொடுவது பெக்தான். ஆகவே வெறும் நிலைத்தன்மைக்காகச் சிலிக்கா என்றால் எனக்கும் அது சுற்றுவழியாகத்தான் படுகிறது.

---

நுண்பொன்:

இருவருக்கும் நன்றி. நீர்த்தொட்டிச் சோதனையில் இருட்டிலும் பீக் அதே அளவு சரிந்தது, அதே வால். ஆக ஒளி காரணமில்லை. எங்களிடம் துடிப்பு லேசர் இல்லை, மருந்து ஏற்றும் எண்ணமும் இல்லை. இரண்டு கட்டப் பெக் தொடங்கிவிட்டோம்.

இரண்டு கேள்விகள். உறை சரியாகிவிட்டது என்று எந்தச் சோதனையில் முடிவு செய்வது? ஒளிவெப்ப மாற்றுத் திறனை எப்படி அளப்பது? ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு எண்ணைத் தருகிறது.

---

கூழ்மநிலை:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு பகுதியை 0.15 மோலார் உப்பு நீரிலும், ஒரு பகுதியைச் சீரம் கலந்த ஊடகத்திலும், 37 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். இன்னொரு பகுதியை ஊடகத்தோடு 60 டிகிரியில் அரை மணி நேரம். மூன்றிலும் பீக்கின் இடம் சில நா.மீ.க்கு மேல் நகரக் கூடாது, பாதி உயரத்தில் அதன் அகலம் மாறக் கூடாது. உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், 1000 நா.மீ. உறிஞ்சலைப் பீக் உறிஞ்சலால் வகுத்த எண்ணைக் குறித்து வையுங்கள், கொத்தாவதை முதலில் காட்டுவது அதுதான். செல்லுக்குள் கொண்டுபோகப் போவதால் 10 மில்லிமோலார் குளூட்டாதயோனிலும் (செல்லுக்குள் இயல்பாக இருக்கும் தயால் மூலக்கூறு) ஒரு நாள் வைத்துப் பார்ப்பது நல்லது. செல்லுக்குள் அதன் செறிவு 1–10 மில்லிமோலார், தயால் பெக்கைப் பிடுங்கிவிட்டுத் தான் உட்காரக்கூடியது.

ஒளிச்சிதறல் கருவியில் அளவு பார்க்கும்போது 5 நா.மீ. அருகில் ஒரு சிறிய பீக் வந்தால் பயப்பட வேண்டாம். அது குப்பையோ சிறு துகளோ அல்ல, தண்டு சுழல்வதால் வருவது. உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் மென்பொருளுக்கு அது புரியாது.

முடிந்த கரைசலை 4 டிகிரியில் வையுங்கள். உறைய விட்டால் பனிப் படிகங்களுக்கிடையே துகள்கள் நெருக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும்.

---

ஒளியளவை:

மாற்றுத் திறன் எண்கள் கட்டுரைக்குக் கட்டுரை மாறுவதற்குப் பெரும்பாலும் துகள் காரணமல்ல, அளக்கும் அமைப்புதான். ஒரே ஆய்வில் அருகருகே வைத்து அளந்தபோது நானோ ஓட்டுக்கு (தங்க ஓடு போர்த்திய சிலிக்கா உருண்டை) 13, நானோ தண்டுக்கு 21 சதவீதம் என்று வந்ததும் உண்டு, தண்டுக்கு 50ஐத் தாண்டிய எண்கள் வெளியானதும் உண்டு. அதனால் உங்கள் சொந்த அமைப்பில் ஒப்பீட்டுக்கு மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

ரோப்பர் 2007இல் கொடுத்த முறையைப் பின்பற்றலாம். 1 மி.லி. குவார்ட்ஸ் கியூவெட் (ஒளி அளவீட்டுக் குப்பி), 808இல் உறிஞ்சல் 0.7–1.0 இருக்கும்படி கரைசல். லேசரைப் போட்டு வெப்பம் சமநிலைக்கு வரும்வரை விடுங்கள், பிறகு அணைத்து, குளிரும் வளைகோட்டைப் பதியுங்கள். வெப்ப வேறுபாட்டின் இயல் மடக்கைக்கு எதிராக நேரத்தை வரைந்தால் சாய்விலிருந்து குளிர்வு மாறிலி கிடைக்கும். உதாரணமாக அது 220 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் நீர், 4.18 ஜூல், வகுத்தால் ஒரு டிகிரிக்கு 0.019 வாட் வெப்ப இழப்பு. சமநிலையில் 20 டிகிரி ஏற்றம் என்றால் 0.38 வாட். துகளில்லாத நீரே அதே லேசரில் 1.5 டிகிரி ஏறினால் அது 0.03 வாட், கழித்துவிடுங்கள். உள்ளே போகும் 1 வாட்டில் உறிஞ்சல் 0.8 ஆனால் 84 சதவீதம் கரைசலில் தங்குகிறது. 0.35ஐ 0.84ஆல் வகுத்தால் 42 சதவீதம்.

இந்த எண்ணைக் கெடுப்பவை: வெப்ப இணைக் கம்பி கற்றைப் பாதைக்குள் இருந்தால் அதுவே சூடாகிப் பொய் சொல்லும். கிளறாவிட்டால் மேலே சூடு, கீழே குளிர்ச்சி. வெப்பக் கேமரா கியூவெட் சுவரின் வெப்பத்தைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் கரைசலை அல்ல. கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நான்கு சதவீதம் அளவு ஒளியைத் திருப்பி அனுப்பும். லேசர் பெட்டியின் திரை காட்டும் திறனை எழுதாதீர்கள். மாதிரி இருக்கும் இடத்தில் திறன் மீட்டரை வைத்து அளந்து, கற்றையின் பரப்பையும் அங்கேயே அளந்து வகுங்கள். நாரிலிருந்து வரும் கற்றை விரிந்துகொண்டே போகும், இரண்டு செ.மீ. தள்ளி வைத்தாலே சதுர செ.மீ. கணக்கு மாறிவிடும்.

யாராவது 980 நா.மீ. லேசரைப் பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். அங்கே நீரின் உறிஞ்சல் செ.மீ.க்கு 0.5ஐ நெருங்குகிறது, 808இல் 0.02 அளவுதான். 980இல் பாதிச் சூட்டை நீரே கொடுத்துவிடும்.

உங்கள் 58 டிகிரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 43 டிகிரியில் 240 நிமிடம் என்ற வெப்ப அளவை, 43க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பாதியாகக் குறைத்தால் 50 டிகிரியில் 2 நிமிடத்துக்கும் குறைவாகவே வருகிறது. பத்து நிமிடம் 58இல் வைப்பது தேவைக்கு மிக மேலே. திறனைக் குறைத்து 48–50இல் நிறுத்துங்கள், உறைக்கும் நல்லது. தோலுக்கு 808இல் அமெரிக்க லேசர் பாதுகாப்புத் தரம் அனுமதிப்பது சதுர செ.மீ.க்கு 0.33 வாட்தான். நீங்கள் அதைப்போல நாலரை மடங்கில் இருக்கிறீர்கள். தோல் வழியாகக் காட்டும் சிகிச்சை என்று எழுதப் போகிறீர்கள் என்றால் இந்த எண்ணுக்குள் நின்றே ஆக வேண்டும்.

---

திசுவளர்ப்பு:

செல் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

எம்டிடி சோதனையில் (உயிருள்ள செல்கள் உண்டாக்கும் நிறத்தை அளப்பது) ஃபார்மசான் நிறத்தை 570இல் படிக்கிறோம். தங்கத்தின் குறுக்குவாட்டு பீக்கின் சரிவு அங்கேயும் உறிஞ்சும். செல்லுக்குள் போன தண்டுகள் கழுவினாலும் வெளியே வராது. விளைவு, செத்த செல்களும் உயிரோடிருப்பதாகத் தெரியும். தண்டு உண்டு, எம்டிடி இல்லை என்ற வெற்றுக் கிணறுகள் கட்டாயம் வேண்டும். கரைத்த நிறத்தை வேறு தட்டுக்கு மாற்றுவதற்கு முன் ஒருமுறை சுற்றி எடுத்தால் இன்னும் நல்லது. எண்டோடாக்சினை (பாக்டீரியா நச்சு) 405 நா.மீ.இல் நிறமாகப் படிக்கும் சோதனையிலும் இதே தொல்லை உண்டு.

தட்டை அறை வெப்பத்தில் வைத்து லேசர் காட்டினால் 25இலிருந்து ஏற வேண்டும், 37இல் வைத்தால் 12 டிகிரி முன்னாலேயே தொடங்குகிறது. ஒரே லேசர், ஒரே துகள், முடிவு மட்டும் வேறு. தட்டுக்குக் கீழே சூடான தகடு வைத்து 37ஐ உறுதி செய்யுங்கள். கற்றை ஒரு கிணற்றைவிட அகலமாக இருந்தால் பக்கத்துக் கிணற்றிலும் ஒளி விழும். ஒன்று விட்டு ஒன்றாக நிரப்புங்கள். லேசர் மட்டும், தண்டு மட்டும், இரண்டும் இல்லை என்ற மூன்று கட்டுப்பாடுகளோடு, லேசர் ஏற்றிய அதே வெப்பத்தில் இருட்டில் வைத்த நான்காவதும் தேவை.

விலங்குச் சோதனைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கையும் போடுங்கள். 20 கிராம் சுண்டெலிக்கு மில்லிக்கு 1 மி.கி. கரைசலில் 0.2 மி.லி. செலுத்தினால் 200 மைக்ரோகிராம் தங்கம். டொராண்டோவில் சான் குழு 2016இல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகளில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதம். உங்கள் கணக்கில் 1.4 மைக்ரோகிராம். கட்டி 0.2 கிராம் என்றால் கிராமுக்கு 7 மைக்ரோகிராம். கிண்ணத்தில் நீங்கள் வைப்பது 50. ஆக, ஏழில் ஒரு பங்குச் செறிவில், 0.33 வாட்டில் செல்கள் சாகின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மில்லிக்கு 5, 10, 20 மைக்ரோகிராம் வரிசையை இப்போதே செய்யுங்கள். மீதி 99 சதவீதத்தில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும். 6 நா.மீ.க்கு மேற்பட்டதைச் சிறுநீரகம் வடிகட்டாது என்பதால் அங்கேயே நீண்டகாலம் தங்கும். பெக் அடர்த்தி கூடக்கூட ரத்தத்தில் இருக்கும் நேரம் கூடும்; உறைக்காக இவ்வளவு மெனக்கெடுவதன் பலன் அங்கேதான் தெரியும்.

மனிதரிடம் எட்டிய வடிவத்தையும் பாருங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் உருவாக்கிய நானோ ஓடு, 120 நா.மீ. அளவுச் சிலிக்கா உருண்டை மேல் மெல்லிய தங்க ஓடு, அதன் மேல் பெக், மொத்தம் சுமார் 150 நா.மீ. அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுக்குச் சோதித்து 2019இல் வெளியான முதல் முடிவுகளில் 16 பேர் இருந்தார்கள். முதல் நாள் ரத்தக்குழாய் வழியாகத் துகள், மறுநாள் எம்ஆர்ஐயும் அல்ட்ராசவுண்டும் இணைந்த படத்தைப் பார்த்துக் கட்டிக்குள்ளேயே ஒளிநாரைச் செருகி 810 நா.மீ. தொடர் லேசர். தோல் வரம்பு அங்கே குறுக்கே வரவில்லை, ஏனென்றால் ஒளி தோலைக் கடக்கவேயில்லை. ஆழத்தில் இருக்கும் கட்டி உங்கள் இலக்கு என்றால் நாரைச் செருகும் வழியை இப்போதே திட்டத்தில் சேருங்கள். தோலுக்கு அடியில் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் கட்டி என்றால் வெளியிலிருந்து காட்டலாம்.

---

நுண்பொன்:

இரண்டாம் கட்டப் பெக் முடிந்த மாதிரியின் ஜீட்டா −4. 60 டிகிரி ஊடகத்தில் அரை மணி நேரத்துக்குப் பிறகும் பீக் 803இல் நிற்கிறது, 1000 பக்க வால் இல்லை. மேல்நீர் மட்டும் போட்ட செல்கள் கட்டுப்பாட்டைப் போலவே இருக்கின்றன. அடுத்து 5, 10, 20 வரிசையை 37 டிகிரித் தட்டில், 0.33 வாட்டில் தொடங்குகிறோம். ஒரு சந்தேகம்: இவ்வளவு குறைந்த திறனில் ஒரு கிணற்றின் 100 மைக்ரோலிட்டர் 48ஐ எட்டுமா?

---

ஒளியளவை:

10 மைக்ரோகிராமில் எட்டாது. கிணற்றில் கரைசலின் ஆழம் 3 மி.மீ. அளவுதான், அந்தச் செறிவில் ஒளியில் கால் பங்கை ஒட்டித்தான் அங்கே தங்கும், மீதி கீழே ஓடிவிடும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் காற்றும் சூட்டை இழுக்கும். திசுவுக்குள் சிதறல் இருப்பதால் ஒளி பலமுறை திரும்பித் திரும்பி வரும், அந்த வசதி கிணற்றில் இல்லை. செல்களை ஒரு குழாயில் சுற்றி 50 மைக்ரோலிட்டர் பெல்லட்டாக்கி அதன்மேல் லேசர் காட்டுங்கள், அல்லது 1 சதவீத அகரோஸில் (கூழாக உறையும் பொருள்) இன்ட்ராலிப்பிட் (ஒளியைச் சிதறடிக்கும் கொழுப்புப் பால்மம்) கலந்து திசுவின் சிதறலைக் கொண்டுவந்து, அதில் தண்டுகளைச் செறிவு வாரியாக உறையவைத்து வெப்பத்தை அளங்கள். அந்த வெப்ப வளைகோட்டை எடுத்துக்கொண்டு, அதே ஏற்றத்தை நீர்த்தொட்டியில் செல்களுக்குக் கொடுத்தால் எந்தச் செறிவில் சிகிச்சை வேலை செய்யும் என்று விலங்கைத் தொடாமலே மதிப்பிடலாம்.